ஆக்சிலேட்டரைப் பிடித்துக்கொள்ளும் கருவி

கார்த்திகை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், காலை ஆறு பத்துக்குத் திருவெறும்பூர் வீட்டிலிருந்து கிளம்பினோம். திண்டுக்கல் போய்ச்சேர நூற்றுப் பத்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. வண்டியை ஓட்டியவர் என் கணவர் சேகர். நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். இருபத்து மூன்று வருடங்களாக இந்த ஏற்பாட்டில் மாற்றமில்லை. நான் எழுதி இதுவரை வந்த பயணக் கட்டுரைகள் எல்லாம் அவருடைய இடது தோளுக்கு மேலாக நான் பார்த்தவைதான். அந்தக் கட்டுரைகளில் அவரைப் பற்றி அதிகம் எழுதியதில்லை. வண்டி ஓட்டுகிறவரைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

என் மடியில் ஒரு அட்டைப்பெட்டி இருந்தது. செருப்புப் பெட்டி அளவு. அதற்குள் மோட்டார் சைக்கிளுக்கான க்ரூஸ் கன்ட்ரோல். இணையத்தில் பதினாறாயிரத்து எண்ணூறு ரூபாய்க்கு நான்தான் வாங்கினேன். விலையுயர்ந்த கார்களில் இது முன்பே இருக்கிறது. வேண்டிய வேகத்தில் போகும்போது ஒரு பொத்தானை அழுத்தினால், அதன்பிறகு ஆக்சிலேட்டரைப் பிடிக்க வேண்டியதில்லை, வண்டி அதே வேகத்தில் போகும். பிரேக்கையோ கிளட்சையோ தொட்டால் விட்டுவிடும். எங்களுடைய நானூறு சிசி வண்டியில் கம்பெனி இதை வைக்கவில்லை. தனியாக வாங்கிப் பொருத்த வேண்டும். திருச்சியில் இரண்டு மெக்கானிக்குகள், கம்பெனி வயரிங்கில் கை வைக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். வண்டிக்காரர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில், திண்டுக்கல்லில் ஸ்டீபன் என்று ஒருவர் ஒரு வயரைக்கூட வெட்டாமல் பொருத்தித் தருகிறார் என்று எண் கொடுத்தார்கள்.

இது ஏன் தேவைப்பட்டது என்று சொல்லிவிட வேண்டும். சேகருக்கு ஐம்பத்தேழு வயது. போன வருடக் கடைசியில் கழுத்தில் நரம்பு அழுந்தி, வலது கையின் பெருவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்துப்போக ஆரம்பித்தன. ஆடியில் ஆபரேஷன் நடந்தது. வலி போய்விட்டது. மரத்துப்போவது போகவில்லை. கை பிடிமானமும் திரும்பவில்லை. இருபது நிமிடம் ஆக்சிலேட்டரை முறுக்கிப் பிடித்தால் கை தன்னுடையதாகவே இல்லை என்பார். வங்கி வேலைக்குப் போய்வருவதோடு ஓட்டுவதை நிறுத்திக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில், போர்ட்டிகோவில் உறையை எடுத்துவிட்டு, ஸ்டாண்டில் நிற்கும் வண்டிமேல் ஏறிச் சும்மா உட்கார்ந்திருப்பார். அதைச் சமையலறை ஜன்னலிலிருந்து மூன்று மாதம் பார்த்தேன். பிறகுதான் இந்தப் பெட்டியை வரவழைத்தேன்.

மணப்பாறைக்குப் போகும் வழியில் இரண்டு முறை ஓரங்கட்டினோம். வண்டியை நிறுத்திவிட்டுக் கையைத் தொங்கவிட்டு உதறுவார். நான் அந்தப்பக்கம் திரும்பி வயலைப் பார்ப்பேன். ஏழு நாற்பதுக்கு மணப்பாறையில் டீ குடித்தோம், பதினைந்து ரூபாய். கண்ணாடிக் கிளாஸை இடது கையில் பிடித்துக்கொண்டு, வரும்போது இதெல்லாம் இருக்காது மீனா என்றார். வையம்பட்டி தாண்டி இன்னொரு முறை, அய்யலூரில் இரு பக்கமும் குன்றுகள் நெருங்கி வரும் இடத்தில் இன்னொரு முறை. வடமதுரைக்கு முன்னால் ஒரு லாரி திடீரென்று வேகம் குறைத்தபோது எங்கள் வண்டியின் பின்பக்கம் மட்டும் அமுங்கியது. வலது கையால் முன் பிரேக் பிடித்தால் வண்டி முன்பக்கம் குனியும், பின்னால் இருப்பவர் ஓட்டுபவர்மேல் சாய்வார். நான் சாயவில்லை. கால் பிரேக்கிலேயே சமாளிக்கிறார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது என்று சொன்னால் அது பொய்.

ஒன்பதரைக்குத் திண்டுக்கல். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஆளுக்கு மூன்று இட்லி, ஒரு வடை. சேகர் ஸ்பூன் கேட்டார். பரிமாறியவர் இட்லிக்கா என்று கேட்டுவிட்டுக் கொண்டுவந்து வைத்தார்.

பட்டறை கரூர் சாலையில், ஊரின் கடைசி வீடுகளைத் தாண்டி இருந்தது. தகரக் கூரை, மூன்று வண்டி நிற்குமளவு சிமென்ட் தரை, திரும்பிப் பார்த்தால் மலைக்கோட்டைப் பாறை. ஸ்டீபனுக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். காதோரம் நரை, பேண்ட் பாக்கெட்டில் சின்ன டார்ச். பெட்டியைத் திறந்து, பேசாமல் ஒவ்வொரு வயரையும் விரலால் உருவிப் பார்த்தார். பிறகு எதற்காகப் பொருத்துகிறோம் என்று கேட்டார். எல்லாரிடமும் கேட்பாராம்.

ஜனவரியில் கட்ச் போகிறோம், குஜராத், நீண்ட தூரம் என்றார் சேகர். அது உண்மைதான். கையைப் பற்றி அவர் சொல்லவில்லை. கழுத்துத் தழும்பைச் சட்டைக் காலர் மறைத்திருந்தது. நானும் சொல்லவில்லை.

வேலை பத்தே காலுக்கு ஆரம்பித்தது. சீட், பக்கவாட்டு மூடிகள், பெட்ரோல் டேங்க் ஒவ்வொன்றாக இறங்கின. கழற்றிய திருகுகளை ஒரு எவர்சில்வர் தட்டில் எந்த வரிசையில் கழற்றினாரோ அதே வரிசையில் வைத்தார். ஆக்சிலேட்டரிலிருந்து வரும் வயரின் இணைப்பைப் பிரித்து இடையில் கருவியின் இணைப்பைச் செருகினார். கிளட்ச் சுவிட்சுக்கு ஒன்று, பிரேக் சுவிட்சுக்கு ஒன்று. கருவியின் மூளை என்று அவர் சொன்ன கறுப்புப் பெட்டி, தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிது, சீட்டுக்கு அடியில் போனது. பொத்தான் இடது கைப்பிடியில், ஹாரனுக்கு மேலே. எங்கும் டேப் சுற்றித் தொங்கவில்லை. சேகர் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். தானே ஒரு திருகை முடுக்கப் போய், ஸ்க்ரூடிரைவர் வழுக்க, ஸ்டீபன் வாங்கி முடுக்கிவிட்டு அவரை ஒரு பார்வை பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.

ஒன்றே காலுக்குச் சாப்பிடப் போனோம். திண்டுக்கல் போனால் பிரியாணி பற்றி எழுதாமல் இருக்கக் கூடாது என்று பத்திரிகை ஆசிரியர் முன்பே சொல்லியிருக்கிறார். பிரியாணி நன்றாக இருந்தது, இருநூற்று இருபது ரூபாய். அதற்கு மேல் எழுத மனதில்லை. சேகர் மேசையில் தண்ணீரைத் தொட்டுக் கோடு போட்டு கட்ச் போகும் வழியைக் காட்டினார். பெல்காம், புனே, பரோடா, புஜ். ஒரு நாளைக்கு முந்நூற்றைம்பது கிலோமீட்டர். இந்தக் கருவி இருந்தால் நானூறுகூடப் போகலாம் என்றார். அவ்வளவு உற்சாகமாக அவர் பேசி ஒரு வருடம் ஆகியிருந்தது.

என்னிடம் ஒரு விஷயம் இருந்தது. ஆவணியில் ஸ்கேன் ரிப்போர்ட் வாங்க நான் மட்டும் டாக்டரிடம் போயிருந்தேன். இவர் வண்டி ஓட்டலாமா என்று கேட்டேன். பிடிமானம் பாதிகூட இல்லையே அம்மா, பிரேக்கை எப்படிப் பிடிப்பார், கியர் வைத்த பெரிய வண்டி இனி வேண்டாம் என்றார் டாக்டர். பக்குவமாகச் சொல்லுங்கள் என்றும் சொன்னார். பக்குவமான நாள் ஒன்று வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அதற்குப் பதிலாகக் கருவியை வாங்கிக் கொடுத்தேன். பிரியாணிக் கடையில் அதைச் சொல்லியிருக்கலாம். சர்வரைக் கூப்பிட்டுத் தயிர் வெங்காயம் கேட்டேன்.

மூன்று மணிக்கு வண்டி பழையபடி ஒன்றாகியிருந்தது. ஸ்டாண்டில் போட்டுச் சக்கரத்தைச் சுழலவிட்டுப் பத்து தடவை சோதித்தார் ஸ்டீபன். பிறகு தனியாகத் தாடிக்கொம்பு வரை ஓட்டிப் போய்த் திரும்பி வந்தார்.

“வேகம் நல்லா நிக்குதுண்ணே. இப்ப நீங்க ஓட்டிப் பாருங்க. நான் பக்கத்துலயே வாரேன். அக்காவ ஏத்திக்கங்க, லோடு இருந்தாத்தான் சரியாத் தெரியும்” என்றார். தன்னுடைய பழைய பைக்கை எடுத்துக்கொண்டார்.

மூன்றரைக்குக் கரூர் சாலையில் வடக்கே கிளம்பினோம். நல்ல நான்கு வழிச் சாலை. வெயில் இறங்கியிருந்தது. அகரம் பிரிவைத் தாண்டியதும் சாலை காலியாக இருந்தது. சேகர் ஐந்தாவது கியரில் எழுபதைத் தொட்டு இடது பெருவிரலால் பொத்தானை அழுத்தினார். மீட்டரில் ஒரு பச்சைப் புள்ளி வந்தது. வலது கையை மெல்ல எடுத்தார். எடுத்துத் தொடைமேல் வைத்தார். வண்டி எழுபதிலேயே போனது. ஒரு சின்ன ஏற்றத்திலும் எழுபது, அதன் இறக்கத்திலும் எழுபது. அவர் விரல்களை மடக்கி விரித்துக்கொண்டார்.

“மீனா, பாரு” என்றார்.

அவர் தோள் இறங்கி இலகுவாக இருந்ததைப் பார்த்தேன். நான் செய்தது சரிதான் என்று அப்போது நினைத்தேன். அந்த நினைப்பு பத்து நிமிடம் இருந்தது. ஸ்டீபன் பக்கத்தில் வந்து பெருவிரலைத் தூக்கிக் காட்டினார்.

வேடசந்தூருக்கு நாலைந்து கிலோமீட்டர் இருக்கும். ஷிப்ட் மாறுகிற நேரம். நூல் மில் பேருந்து ஒன்று இடது ஓரத்தில் நின்று ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தது. நாங்கள் அதைத் தாண்டப் போகும்போது, பேருந்துக்கு முன்னாலிருந்து ஒரு பெண் சைக்கிளை மிதித்துக்கொண்டு சாலைக்கு வந்தாள். சேகர் அவளைப் பார்த்துவிட்டார். கையும் உடனே பிரேக்குக்குப் போனது. விரல்கள் லீவர்மேல் மடங்கியதை நான் பார்த்தேன். பச்சைப் புள்ளி அணைந்தது. கருவி தன் வேலையைச் சரியாகச் செய்தது. வண்டி நிற்கவில்லை. முன்பக்கம் குனியவில்லை. நான் அவர்மேல் சாயவில்லை. காலால் மட்டும் அழுத்தினார். வண்டி உதறிக்கொண்டே போனது. ஹேண்டிலை வலது பக்கம் ஒடித்தார். சைக்கிளின் முன் சக்கரத்துக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு முழம் இருந்திருக்கும். முப்பது நாற்பது அடி தள்ளி, நடுத்திட்டை ஒட்டி நின்றோம்.

நான் இறங்கித் திரும்பி ஓடினேன். அந்தப் பெண் கீழே விழவில்லை, காலை ஊன்றி நின்றிருந்தாள். அவளுடைய தூக்குச் சட்டி விழுந்து மூடி உருண்டு போயிருந்தது. மூடியை எடுத்து அவளிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். என்னைப் பார்க்கவில்லை, தூரத்தில் வண்டிமேல் இருந்தவரைப் பார்த்தாள்.

“எனக்கு ரெண்டு புள்ள இருக்கு. அந்தாளுகிட்டச் சொல்லு” என்றாள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போய்விட்டாள்.

ஸ்டீபன் எங்கள் வண்டியை ஓரத்துக்கு உருட்டி வந்து ஸ்டாண்டு போட்டார். முன் பிரேக்கைத் தான் பிடித்துப் பார்த்தார். இரண்டு முறை. பிறகு சேகர் முன்னால் வந்து தன் வலது கையை நீட்டினார்.

“அண்ணே, எங் கையப் புடிங்க. எம்புட்டு முடியுமோ அம்புட்டும் நெரிங்க.”

சேகர் பிடித்தார். அவருடைய கழுத்து நரம்பு புடைத்தது. ஸ்டீபன் கையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“இம்புட்டுத்தானாண்ணே?”

சேகர் கையை விட்டுவிட்டார்.

“இந்த மிசினு ஆக்சிலேட்டரத்தான் புடிச்சிக்கும்ணே. பிரேக்க நாமதான் புடிக்கணும். காலையிலயே ஸ்க்ரூடிரைவர் வழுக்கும்போது எனக்கு ஒரு மாதிரியா இருந்துச்சு. கேக்காம விட்டது என் தப்பு.” பிறகு என் பக்கம் திரும்பினார். “அக்கா, ஒங்களுக்குத் தெரியுமா?”

நான் பேருந்திலிருந்து இறங்கிப் போகிற ஆட்களைப் பார்த்தேன். பதில் சொல்லாமல் இருப்பதும் ஒரு பதில் என்று அப்போது தோன்றவில்லை. சேகருக்குத் தோன்றிவிட்டது.

“டாக்டர் ஏதாவது சொன்னாரா?” என்று கேட்டார்.

“சொன்னார்.”

“எப்போ?”

“ஆவணியில. ரிப்போர்ட் வாங்கப் போனப்ப.”

அவர் சத்தம் போடவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றி, அதன் உள்ளே பார்த்துவிட்டு மறுபடியும் போட்டுக்கொண்டார்.

“என்கிட்ட நீயே சொல்லாம, இவர் வாயால சொல்ல வைக்க நூறு கிலோமீட்டர் கூட்டிட்டு வந்தியா?”

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். முழுக்க இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. வயரிங் செய்கிறவர் பார்த்தாலே தெரிந்துகொள்வார், அவரே சொல்லிவிடுவார் என்ற எண்ணம் பெட்டியைக் கட்டும்போதே என் மனதின் ஒரு மூலையில் இருந்தது. அவருக்கும் தன் விரல்களைப் பற்றித் தெரியும், நான்கு மாதமாகக் கால் பிரேக்கில் ஓட்டுகிறவருக்குத் தெரியாமல் இருக்காது என்பதையும் நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ரோட்டோரத்தில் வைத்து அதைச் சொல்லி ஜெயிக்க எனக்கு விருப்பமில்லை.

பட்டறைக்குத் திரும்பும்போது எங்கள் வண்டியை ஸ்டீபன் ஓட்டினார், நான் அவருக்குப் பின்னால். சேகர் ஸ்டீபனுடைய சின்ன பைக்கில் மெதுவாக வந்தார். இருபத்து மூன்று வருடத்தில் வேறொருவர் ஓட்டி நான் அந்த இடத்தில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. பட்டறையில், வேண்டுமானால் கழற்றித் தந்துவிடுகிறேன், கூலி வேண்டாம் என்றார் ஸ்டீபன். இருக்கட்டும் என்றார் சேகர். கூலி இரண்டாயிரத்து ஐந்நூறைக் கொடுத்தார். ஸ்டீபன் தயங்கிவிட்டு வாங்கிக்கொண்டார். பில்லின் கீழே, கருவியும் வண்டியின் பிரேக்குகளும் நல்ல நிலையில் ஒப்படைக்கப்பட்டன என்று எழுதி, கையெழுத்துக்காக நீட்டினார். “தப்பா நெனைக்காதீங்கண்ணே, எனக்கும் குடும்பம் இருக்கு” என்றார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை.

சேகர் பேனாவை வாங்கி என்னிடம் கொடுத்தார்.

“அவ போடுவா. அவளுக்குத்தான் எல்லாம் முன்னாடியே தெரியுமே.”

கையெழுத்துப் போட்டேன். வண்டியை இங்கேயே விட்டுவிட்டு இரண்டு பேரும் பேருந்தில் போங்கள், திங்கட்கிழமை லாரியில் ஏற்றி அனுப்புகிறேன் என்று ஸ்டீபன் இரண்டு முறை சொன்னார். நானும் சொன்னேன். சேகர் அதற்குள் வண்டியில் ஏறிவிட்டார். நான் பின்னால் ஏற வந்தபோது, இடது கையை நீட்டித் தடுத்தார்.

“நீ பஸ்ல வா.”

மணி நாலு ஐம்பத்தைந்து. என் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். செத்த நேரம் உட்காருங்கக்கா, ஆட்டோ வரச் சொல்றேன் என்றார் ஸ்டீபன். பேருந்து நிலையத்துக்கு ஆட்டோ நூறு ரூபாய். திருச்சிக்கு டிக்கெட் எழுபத்தைந்து ரூபாய். ஐந்தரைக்குப் பேருந்து கிளம்பியது. இடது பக்க ஜன்னல் சீட் கிடைத்தது. பக்கத்தில் சின்னாளபட்டியிலிருந்து சேலைக் கட்டு கொண்டுபோகும் ஒரு அம்மாள். ஹெல்மெட்டைப் பார்த்துவிட்டு, வண்டி ரிப்பேரா என்று கேட்டார். ஆமாம் என்றேன். வீட்டுக்காரர் வரலையா என்றார். வருகிறார் என்றேன்.

வடமதுரையைத் தாண்டியதும் சேகரைப் பார்த்தேன். எங்களுக்கு முன்னால் கிளம்பியவர் எங்கே நின்றிருந்தார் என்று தெரியவில்லை. வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. சாலையின் இடது ஓரத்தில் ஐம்பது ஐம்பத்தைந்தில், ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தார். முதுகு நேராக இருந்தது. வலது கை தொடைமேல் இருந்தது. கருவியைப் போட்டிருந்தார். பேருந்து அவரை நெருங்கி, பக்கத்தில் வந்து, தாண்டியது. ஜன்னலுக்கும் அவருக்கும் எட்டு அடிதான். கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார், கை தடுமாறும் என்று பயந்து பேசாமல் இருந்தேன். அவருக்கு முன்னாலிருந்து யாரும் சாலைக்கு வந்துவிடக் கூடாது என்று மட்டும் வேண்டிக்கொண்டேன். கழுத்தை வளைத்துத் திரும்பி, விளக்கு ஒரு புள்ளியாகிற வரை பார்த்தேன். பின்னாலிருந்துதான் அவர் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். முன்னாலிருந்து பார்த்தது அன்றுதான்.

எட்டேகாலுக்கு நான் வீடு வந்தேன். ஒன்பது இருபதுக்கு அவர் வந்தார். அந்த ஒரு மணி நேரத்தை நான் எப்படிக் கழித்தேன் என்பதை எழுதப் போவதில்லை. வண்டியை நிறுத்தி, உறையைப் போட்டார். கை கழுவி வந்து ஸ்பூனை எடுத்து இரண்டு தோசை சாப்பிட்டார். இன்னொன்று வேண்டுமா என்றேன், போதும் என்றார்.

அடுத்த வாரம் வங்கிக்குப் பேருந்தில் போனார். அதற்கடுத்த வாரம் நான் வேலை பார்க்கும் பள்ளியிலிருந்து திரும்பியபோது போர்ட்டிகோவில் உறை மட்டும் நான்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது. வண்டியைப் பெரம்பலூர்க்காரர் ஒருவர் எடுத்துக்கொண்டாராம். விலையை நான் கேட்கவில்லை. கட்ச் பற்றிய கட்டுரை எப்போது வரும் என்று பத்திரிகை ஆசிரியர் கேட்டார். அதற்குப் பதில்தான் இது.

நாங்கள் சண்டை போடவில்லை. பால் வாங்க வேண்டும், கரண்ட் பில் கட்டியாயிற்று, உன் அண்ணன் போன் செய்தார் என்று வேண்டியதை எல்லாம் பேசிக்கொள்கிறோம். டாக்டர் சொன்னதைப் பற்றியோ, அந்த சைக்கிள்காரப் பெண்ணைப் பற்றியோ அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. பேசாமல் இருப்பதில் எங்கள் இருவருக்கும் ஏற்கெனவே நல்ல பழக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெரம்பலூர்க்காரர் கூப்பிட்டார். க்ரூஸ் கன்ட்ரோலை எப்படிப் போடுவது என்று தெரியவில்லையாம். சேகர் போனை எடுத்துக்கொண்டு காலியான போர்ட்டிகோவுக்குப் போனார். எந்த கியரில், எந்த வேகத்தில், எந்தப் பெருவிரலால், எவ்வளவு நேரம் அழுத்த வேண்டும், ஏற்றத்தில் என்ன ஆகும், இறக்கத்தில் என்ன ஆகும் என்று நிதானமாகச் சொன்னார். பிரேக்கில் எப்போதும் இரண்டு விரல் வைத்திருங்கள், தம்பி, என்று மூன்று நான்கு முறை சொன்னார். சமையலறை ஜன்னலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். இருபது நிமிடம் பேசினார். திண்டுக்கல்லிலிருந்து வந்தபிறகு அவர் அவ்வளவு நேரம் பேசி நான் கேட்டதில்லை.